கோல்ட்ரேன் கேள்வி–பதில்: வெளிவராமல் கிடந்த நாடாக்கள்

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1967 ஜூலையில் காலமானார். ஆனால் 2018-க்குப் பிறகு மட்டும் நான்கு ‘புதிய’ ஆல்பங்கள் வந்துவிட்டன. இத்தனை வருடம் இவை எங்கே இருந்தன? கம்பெனிக்காரர்கள் பூட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விற்கிறார்களா?
— வாசகர், மதுரை

இல்லை. நான்கில் ஒன்றுகூட, அவருடைய தட்டுகளை வெளியிட்ட இம்பல்ஸ் நிறுவனத்தின் அலமாரியிலிருந்து வரவில்லை. நான்கும் நான்கு வேறு கைகளில் இருந்தவை.

2018-ல் வந்த ‘போத் டைரக்‌ஷன்ஸ் அட் ஒன்ஸ்’ 1963 மார்ச் 6 அன்று நியூ ஜெர்சியின் இங்கிள்வுட் கிளிஃப்ஸில், ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவானது. அதன் மூல நாடா இப்போது இல்லை. நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் கிடங்கில் இடம் மிச்சம் பிடிக்க, வெளியிடாத நாடாக்களைக் கழித்துவிட்டது. அதில் இதுவும் போயிருக்கும் என்றே கருதப்படுகிறது. பிழைத்தது, வீட்டில் போட்டுக் கேட்பதற்காக வான் கெல்டர் கோல்ட்ரேன் கையில் கொடுத்தனுப்பிய பிரதி. அது அவருடைய முதல் மனைவி நைமாவிடம் இருந்து, அவர் குடும்பத்தாரிடம் வந்து சேர்ந்தது.

2019-ன் ‘ப்ளூ வேர்ல்ட்’ 1964 ஜூன் 24 அன்று அதே ஸ்டுடியோவில், கனடா இயக்குநர் ஜில் க்ரூ எடுத்துக்கொண்டிருந்த படம் ஒன்றுக்காக வாசித்தது. இயக்குநர் நாடாவைக் கையோடு கொண்டுபோனார். அது கனடாவிலேயே தங்கிவிட்டது. 2021-ல் வந்த ‘எ லவ் சுப்ரீம்: லைவ் இன் சியாட்டில்’ சியாட்டிலில் இருந்த சாக்ஸபோன் கலைஞர் ஜோ பிரேசில் 1965 அக்டோபர் 2 அன்று பென்ட்ஹவுஸ் கிளப்பில் பதிந்தது. அவர் 2008-ல் மறைந்த பிறகுதான் அந்த ஸ்பூல்களை வேறொருவர் முழுதாகக் கேட்டார். 2023-ன் ‘ஈவினிங்ஸ் அட் த வில்லேஜ் கேட்’ 1961 ஆகஸ்டில் நியூயார்க் கிளப் ஒன்றில் ஒலிப்பொறியாளர் ரிச் ஆல்டர்சன் புது ஒலிபெருக்கி அமைப்பைச் சோதிக்கப் பதிந்தது. நாடா கடைசியில் கிடைத்த இடம் நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்கலைப் பிரிவு.

வீட்டில் கேட்பதற்கான பிரதி, சினிமாவுக்கான பதிவு, சக கலைஞரின் ஆசை, ஒலிபெருக்கிச் சோதனை. இந்தக் காரணங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பதிவு ஏன் இப்படி ஒலிக்கிறது என்ற கேள்விக்குப் பாதி விடை, அந்த நாடாவை யார் எதற்காக ஓடவிட்டார்கள் என்பதிலேயே இருக்கிறது. கீழே வரும் பல பதில்களும் இங்கேதான் திரும்பி வரும்.

1963-ல் ஸ்டீரியோ சாதாரணம். அப்படியிருக்க ‘போத் டைரக்‌ஷன்ஸ்’ ஏன் மோனோ? பாட்டுக்குப் பெயர் வைக்காமல் 11383, 11386 என்று எண் போட்டிருப்பது என்ன கணக்கு? ஒரு தட்டு உள்ளதை வாங்கலாமா, இரண்டு தட்டு உள்ளதையா?
— வாசகர், கோவை

மூல நாடா இல்லாமல் போனதால்தான் மோனோ. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பிரதி வாசிப்பைச் சரிபார்க்க மட்டுமே. அதற்கு ஒரு தடம் போதும். ஆனால் அதை எடுத்தவர் வான் கெல்டர். மைக் நிறுத்தியதும் அளவு வைத்ததும் அவரே. அதனால் இந்த மோனோ, கிளப்பில் யாரோ எடுத்த மோனோவைப் போல் இராது. ட்ரம்ஸ் வாசிக்கும் எல்வின் ஜோன்ஸின் சிம்பலும் ஜிம்மி கேரிசனின் பாஸும் (நின்று வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) தனித்தனியாகப் பிரிந்து கேட்கின்றன.

இதை ஹெட்போனில் கேட்டால் எல்லாம் நடுமண்டைக்குள் குவிந்து நிற்கும், சீக்கிரம் அலுக்கும். ஒரே ஒரு ஸ்பீக்கரை நேர் எதிரே வைத்துக் கேட்டுப் பாருங்கள். இசைக்குழு ஸ்பீக்கருக்குப் பின்னால் ஆழத்தில் ஒருவர் பின் ஒருவராக நிற்பது தெரியும். எல்பியாக வைத்திருப்பவர்கள் ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். ஸ்டீரியோ ஊசி மேலும் கீழுமாக அசைவதால் வரும் தூசிச் சத்தமும் உறுமலும் இரண்டு சேனலும் கூடும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறைந்துவிடும்.

எண்கள் பாட்டின் பெயர் அல்ல. நிறுவனம் ஒவ்வொரு பதிவுக்கும் கொடுத்த வரிசை எண் அது. கோல்ட்ரேன் பெயர் வைக்கவில்லை, வேறெங்கும் பதியவும் இல்லை. பிறகு வந்தவர்கள் தாங்களாக ஒரு பெயரை ஒட்டாமல் எண்ணையே விட்டுவைத்தது நேர்மையான செயல். இரண்டிலும் கோல்ட்ரேன் எடுத்தது சொப்ரானோ சாக்ஸபோன். 11383-ல் கேரிசன் வில் போட்டு இழைக்கும் தனியாவர்த்தனம் ஒன்று வரும், தவறவிடாதீர்கள்.

ஒரு தட்டில் 7 உருப்படிகள், இரண்டு தட்டில் 14. கூடுதலான ஏழும் அவற்றிலேயே சிலவற்றின் வேறு டேக்குகள், அதாவது அதே உருப்படியை மறுபடி வாசித்த பதிவுகள். ‘இம்ப்ரெஷன்ஸ்’ மட்டும் மொத்தம் நான்கு டேக். ஒரே ராகத்தை ஒரு வித்வான் ஒரே மாலையில் நான்கு முறை வேறு வேறாக விரிப்பதைக் கேட்கும் ருசி உள்ளவர்கள் இரண்டு தட்டை வாங்கலாம். மற்றவர்களுக்கு ஏழு போதும். ‘முற்றிலும் வெளிவராதது’ என்று அட்டையை நம்பி வாதாடுபவர்களுக்கு ஒரு திருத்தம்: ஃப்ரான்ஸ் லெஹாரின் ஓபரெட்டாவிலிருந்து எடுத்த ‘விலியா’வின் ஒரு டேக், 1960களிலேயே ஒரு தொகுப்பு எல்பியில் வந்துவிட்டது.

இதே ஸ்டுடியோவில் மறுநாள், மார்ச் 7 அன்று, கோல்ட்ரேன், பியானோவில் மெக்காய் டைனர், கேரிசன், ஜோன்ஸ் என்ற இதே நால்வர் பாடகர் ஜானி ஹார்ட்மனுடன் அமர்ந்தார்கள். அந்த ஆல்பத்தை அடுத்து ஓடவிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் எல்வின் ஜோன்ஸ் எவ்வளவு அடக்கிக்கொள்கிறார் என்று பார்க்கலாம்.

‘வில்லேஜ் கேட்’ வாங்கினேன். ட்ரம்ஸ் காதைப் பிளக்கிறது, பாஸ் இருக்கிறதா என்றே தெரியவில்லை. என் ஸ்பீக்கர் பழுதா?
— வாசகர், திருச்சி

பழுது ஸ்பீக்கரில் இல்லை. அந்த மேடைக்கு மேலே தொங்கியது ஒரே ஒரு ரிப்பன் மைக். யார் எவ்வளவு சத்தமாக வாசித்தார்களோ, யார் மைக்குக்கு எவ்வளவு கிட்டே நின்றார்களோ, அதுதான் கலவை. பிறகு யாரும் பிரித்துச் சரிசெய்ய முடியாது. தடையில்லாத வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். அன்றைய கிளப் பாஸ் வெறும் மரத்தின் ஒலி. அதன் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, மேலே தொங்கும் மைக்கை அது மெலிந்துதான் எட்டும். எல்வின் ஜோன்ஸுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது மூன்று. லேப்டாப், போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அவற்றில் பாஸின் அடிநாதமே வராது. ஈக்வலைசர் இருந்தால் 3 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை 2 டெசிபெல் மட்டும் இறக்குங்கள். ஐந்தாறு டெசிபெல் இறக்கினால் சிம்பலோடு சேர்ந்து சாக்ஸபோனின் கரகரப்பும் செத்துவிடும். பாஸை ஏற்றுவதற்குப் பதில் மொத்த ஒலியளவை ஒரு படி ஏற்றுங்கள். நம் காது குறைந்த ஒலியில் கீழ் ஸ்தாயியை அதிகம் இழக்கிறது. அளவு ஏறினால் பாஸ் தானே எழும்.

இவ்வளவு சிரமப்பட்டுக் கேட்க வேண்டியது கடைசி உருப்படியான ‘ஆஃப்ரிகா’. 22 நிமிடத்துக்கு மேல். கோல்ட்ரேன் இதை மேடையில் வாசித்து நமக்குக் கிடைத்திருக்கும் பதிவு இது ஒன்றுதான். ரெஜி வொர்க்மன், ஆர்ட் டேவிஸ் என்று இரண்டு பாஸ். ஒன்று தம்பூரா போல நிலையாக நிற்க, மற்றது மேலே அலைகிறது. இதைச் சிறு ஸ்பீக்கரில் கேட்டால் பாதி இசை போய்விடும். எரிக் டால்ஃபி பாஸ் கிளாரினெட்டில் எடுக்கும் ‘வென் லைட்ஸ் ஆர் லோ’வுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் ஒலி மைக்கைத் தேடிப் போய்விடுகிறது.

நண்பர் கொடுத்த பழைய கச்சேரிப் பதிவு ஒன்றில் எல்லாம் கொஞ்சம் ‘மேலே’ இருப்பது போல் தோன்றுகிறது. பிரமையா, நாடாவின் வேகக் கோளாறா? எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், தஞ்சாவூர்

ஸ்ருதி பழகிய காதுக்கு இது பெரும்பாலும் பிரமையாக இராது. டேப் மெஷின் பதியும்போது மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் ஓட்டும்போது ஸ்ருதி ஏறும். பெரிய நிறுவனங்களுக்கே நடந்திருக்கிறது. கோல்ட்ரேன் வாசித்த, மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் பக்கம் 1959 மார்ச் 2 அன்று சற்று மெதுவாக ஓடிய மெஷினில் பதிவாயிற்று. முப்பது வருடத்துக்கு மேல் உலகம் அதை ஏறக்குறைய கால் கட்டை ஏற்றத்திலேயே கேட்டது. 1990களின் பதிப்புகளில்தான், கூடவே ஓடிய மாற்று மெஷினின் நாடாவை எடுத்துத் திருத்தினார்கள். அந்த ஆல்பத்தோடு சேர்ந்து வாசித்துப் பழகிய எத்தனையோ மாணவர்கள் தங்கள் கருவியின் மேல் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

முதல் சோதனை, உருப்படியின் ஆதார ஸ்ருதி. ‘இம்ப்ரெஷன்ஸ்’ டி-யில் தொடங்கும், நம் கணக்கில் 2 கட்டை. நடுவில் எட்டு பார் (தாள ஆவர்த்தனம்) மட்டும் அரைக் கட்டை ஏறி, திரும்ப இறங்கும். ‘நைமா’வின் தொடக்கத்தில் பாஸ் விடாமல் பிடிக்கும் ஸ்வரம் இ ஃப்ளாட், அதாவது 2½ கட்டை. ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ 3 கட்டை. ஸ்ருதிப் பெட்டியையோ கீபோர்டையோ பக்கத்தில் வைத்துச் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது, கருவியின் எல்லை. டெனர் சாக்ஸபோனின் ஆகக் கீழ் ஸ்வரம் ஏ ஃப்ளாட், சுமார் 104 ஹெர்ட்ஸ். சொப்ரானோவுக்கு அதற்கு மேல் ஸ்தாயியில் அதே ஸ்வரம், சுமார் 208. உங்கள் பதிவில் டெனர் 104-க்கும் கீழே தெளிவாக இறங்கினால் நாடா மெதுவாக ஓடுகிறது. வேறு விளக்கம் இல்லை. மேல் எல்லையை வைத்து இந்தச் சோதனை செய்யாதீர்கள். கோல்ட்ரேன் விரலுக்கு அப்பாற்பட்ட மேல் ஸ்வரங்களை உதட்டால் எடுப்பவர்.

மூன்றாவதுதான் நுணுக்கமானது: கரண்ட் இரைச்சல். பழைய பதிவுகளில் மெல்லிய ‘ம்ம்’ ஒன்று அடியில் இருக்கும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 120, 180 ஆகியவையும் சேர்ந்து பதிவாகும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் கோப்பைத் திறந்து, கைதட்டலுக்கு முன்போ பாஸ் தனியாவர்த்தனத்தின் இடைவெளியிலோ சில விநாடிகள் அமைதியான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் எடுத்து அளவை 65536 என்று வையுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் அப்போது ஒரு படி 0.67 ஹெர்ட்ஸ். 60-ஐப் பார்த்து அளந்தால் பிழை அதிகம். 180-க்கு அருகிலுள்ள முனையைப் பாருங்கள். அது 185.2-ல் நின்றால், 185.2-ஐ 180-ஆல் வகுக்க 1.029. நாடா 2.9 சதவீதம் வேகம், ஏறக்குறைய கால் கட்டை. அரைக் கட்டை என்றால் 6 சதவீதத்தை ஒட்டி வரும்.

திருத்தும்போது ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ என்பதை மட்டும் பயன்படுத்துங்கள். மேலுள்ள கணக்குக்கு மைனஸ் 2.8. ஸ்ருதியை மட்டும் மாற்றும் கருவி, தாளத்தை மட்டும் மாற்றும் கருவி இரண்டுமே இங்கே தவறு. நாடா வேகமாக ஓடும்போது ஸ்ருதியும் காலமும் சேர்ந்தே மாறுகின்றன. சேர்த்துத்தான் இறக்க வேண்டும்.

சறுக்கும் இடங்கள் இரண்டு. ஐரோப்பாவில் பதிந்த கச்சேரி என்றால் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஸ்டாக்ஹோம், பாரீஸ் பதிவுகளை 60-ஆக்கப் போனால் சாக்ஸபோன் பூனைக்குட்டியாகிவிடும். மற்றது, நீங்கள் காணும் இரைச்சல் முதல் பதிவினுடையதா, பின்னால் பிரதி எடுத்த மெஷினுடையதா என்பது. பிரதி எடுத்த மெஷினுடையது சரியாக 60-லோ 50-லோ இருக்கும், ஆனால் இசை ஏறியிருக்கும். அதனால்தான் முதல் சோதனையை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் நம்பக்கூடாது. கச்சேரியின் முதலிலும் கடைசியிலும் அளந்து பாருங்கள். பாட்டரி மெஷினில் பதிந்தது வழியிலேயே வேகம் நழுவும். அதை ஒரே எண்ணால் திருத்த முடியாது.

பழைய ஸ்பூல்கள் சில கையில் வந்திருக்கின்றன. உறையில் ‘ஜாஸ், 1964’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. மெஷின் ஒன்றும் கிடைத்திருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?
— வாசகர், சென்னை

உடனே போடாதீர்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி வந்தால் அது அசிடேட் நாடா, சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்ற ஸ்பூல்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். அந்த ஆவி பக்கத்து அசிடேட் நாடாவையும் கெடுக்கும். நெடி இல்லாவிட்டால் ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுற்றின் பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவினால் அசிடேட், இருட்டாக இருந்தால் பெரும்பாலும் பாலியெஸ்டர். அசிடேட் காய்ந்து சுருண்டிருக்கும். இழுத்தால் சட்டென்று அறும், ஆனால் நீளாது. அறுந்த இடத்தைச் சுத்தமாக ஒட்டலாம். பாலியெஸ்டர் அறாமல் ரப்பர் போல நீண்டுவிடும், நீண்ட இடத்து இசை திரும்பி வராது. இரண்டுக்குமே வேகமாகச் சுற்றுவது ஆகாது.

ஒட்டும் நாடாவை அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் சரியாகிவிடும் என்று படித்திருப்பீர்கள். அந்த வைத்தியம் 1970களின் நடுவிலிருந்து வந்த, பின்பக்கம் கரிப் பூச்சுள்ள பாலியெஸ்டர் நாடாக்களுக்கு மட்டும். அவற்றின் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும். சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம், அளவு தவறாத கருவியில் வைப்பார்கள். 1964-ன் நாடாவுக்கு அந்த நோயே கிடையாது. அசிடேட்டைச் சூடேற்றினால் நீங்களே அதைக் கொல்கிறீர்கள்.

நாடா செல்லும் வழி முழுவதையும், நாடாவைப் படிக்கும் ஹெட், வழிகாட்டித் தூண்கள், ரப்பர் உருளை எல்லாவற்றையும் துடையுங்கள். ஹெட்டுக்கு 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். ரப்பர் உருளைக்கு அது வேண்டாம், வறண்டு வெடிக்கும். சோப்புத் தண்ணீர் தோய்ந்த துணி போதும். வேலைக்காகாத நாடா ஒன்றை முதலில் ஓட்டி மெஷின் அதை மெல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேகத்தை நீளம் வைத்து ஊகிக்கலாம். 7 அங்குல ஸ்பூலில் 1200 அடி நாடா, விநாடிக்கு 7½ அங்குல வேகத்தில் ஒரு பக்கம் 32 நிமிடம் ஓடும். 3¾ என்றால் 64. தவறான வேகத்தில் ஓட்டினால் சரியாக ஒரு ஸ்தாயி ஏறும் அல்லது இறங்கும், காது உடனே சொல்லிவிடும்.

பலர் பயந்துவிடும் ஒரு விஷயம்: இடது காதில் இசை நன்றாக வர, வலது காதில் யாரோ தலைகீழாக வாசிப்பது போல் கேட்கும். நாடா கெடவில்லை. ஒரு பக்கத்துக்கு நாடாவின் பாதி அகலத்தை எடுக்கும் (பாதித் தட) மோனோ நாடாவை, கால் பங்கு அகலத் தடங்களைப் படிக்கும் (கால் தட) ஸ்டீரியோ மெஷினில் போட்டிருக்கிறீர்கள். வலது சேனலில் ஓடுவது இரண்டாம் பக்கம், பின்னோக்கி. இரண்டு சேனலையும் அப்படியே பதிந்துகொள்ளுங்கள். பிறகு கணினியில் இடதைத் தனியாக எடுங்கள். வலதை ரிவர்ஸ் செய்தால் இரண்டாம் பக்கமும் கிடைத்துவிடும். முதுமையடைந்த நாடாவை இரண்டு முறை ஓட்டுவது மிச்சம்.

பதிவு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஸ்டீரியோவாக மணிக்குச் சுமார் 2 ஜிபி ஆகும். உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். ஓட்டும்போதே ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் திருகை மிக மெதுவாகத் திருப்பி, சிம்பல் ஒலி ஆகக் கூர்மையாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். மூடிக்கிடக்கும் நாடா என்று தூக்கி எறியப்படுபவற்றில் பல, இந்தக் கால் சுற்றுக்காகக் காத்திருப்பவை. இரைச்சல் நீக்கும் மென்பொருளை இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம். மூலக் கோப்பு இரைச்சலோடு அப்படியே இருக்கட்டும். முடிந்ததும் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றாமல் கடைசி நுனி வெளியே இருக்கும்படி விட்டுவிடுங்கள். ஒரு சுற்றின் காந்தப்பதிவு அடுத்த சுற்றில் படிவது இசைக்கு முன்னால் கேட்காமல், பின்னால் எதிரொலியாக இசைக்குள்ளேயே மறையும்.

எந்தக் கோப்பைப் பார்த்தாலும் ‘ஃப்ளாக், லாஸ்லெஸ்’ (ஒலியில் எதையும் இழக்காத சுருக்கம்) என்கிறார்கள். எம்பி3-ஐ மாற்றி ஏமாற்றுகிறார்களா என்று எப்படி அறிவது?
— வாசகர், ஈரோடு

ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றுங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3-லிருந்து வந்தது 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியது போல் நிற்கும், அதற்கு மேல் கருப்பு. உச்சத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். நாடாவின் இரைச்சல் அப்படி நிற்காது, மெல்ல மெல்ல மங்கும்.

ஆனால் 15-ல் நின்றால் எல்லாமே மோசடி என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எஃப்எம் ஒலிபரப்பே 15 கிலோஹெர்ட்ஸோடு முடிகிறது. 1965-ல் நியூயார்க் ஹாஃப் நோட் கிளப்பிலிருந்து வானொலியில் போன கோல்ட்ரேன் நிகழ்ச்சியை ரசிகர்கள் வீட்டில் பதிந்து பல பத்தாண்டுகள் கைமாற்றினார்கள். 2005-ல் அது ‘ஒன் டவுன், ஒன் அப்’ என்று முறையாக வந்தது. அத்தகைய பதிவில் 16-க்கு மேல் இசையைத் தேடுவது வீண். 3¾ அங்குல வேக நாடா இன்னும் கீழேயே மங்கும்.

‘எ லவ் சுப்ரீம்’ ஸ்டுடியோப் பதிவை மனப்பாடமாக அறிவேன். சியாட்டில் பதிவு எனக்குப் பிடிபடவில்லை.
— வாசகர், யாழ்ப்பாணம்

நடுவே ஒரு படியைத் தாண்டிவிட்டீர்கள். ஸ்டுடியோவில் 1964 டிசம்பர் 9 அன்று பதிந்தது 33 நிமிடம். 1965 ஜூலை 26 அன்று பிரான்சின் ஆன்டீப் விழாவில் அதே நால்வர் அதை மேடையில் வாசித்தார்கள். அது 2002-ன் இரட்டைத் தட்டுப் பதிப்பில் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். கட்டமைப்பு உங்களுக்குத் தெரிந்தது, ஆனால் சுவர்கள் தள்ளிப் போயிருக்கும்.

சியாட்டிலில் ஆட்கள் ஏழு. நால்வரோடு சாக்ஸபோனில் ஃபாரோ சாண்டர்ஸ், ஆல்ட்டோ சாக்ஸபோனில் கார்லோஸ் வார்ட், கூடுதலாக இன்னொரு பாஸ் வாசிக்கும் டொனால்ட் ரஃபேல் காரெட். நேரம் சுமார் 75 நிமிடம். பகுதிகளுக்கு நடுவே பாஸும் ட்ரம்ஸும் இணைப்புரை போல வருகின்றன. அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு கேட்டால் வழி தவறாது. சாக்ஸபோன்கள் சில இடங்களில் பின்னால் போவதற்குக் காரணம் மைக் இருந்த இடம். வாசிப்பு தளர்ந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். மெக்காய் டைனர் தனியாவர்த்தனத்திலிருந்து உள்ளே நுழையுங்கள். அவர் அந்தக் குழுவிலிருந்து சில மாதங்களில் விலகிவிட்டார்; ஏன் என்பது அந்த மேடையின் சத்தத்திலேயே கேட்கிறது.

‘ப்ளூ வேர்ல்ட்’ எல்லாம் பழைய பாட்டுகளின் மறுபதிவுதானே? காசு கொடுக்கத் தகுமா?
— வாசகர், புதுச்சேரி

தகும். பழைய உருப்படிகளுக்கு அவர் சாதாரணமாகத் திரும்பிப் போகிறவர் அல்லர். இயக்குநர் கேட்டதால் போனார். அதனால் 1959-ன் ‘நைமா’வை 1964-ன் நால்வர் எப்படி எடுப்பார்கள் என்று ஸ்டுடியோத் தெளிவில் கேட்க ஒரே வாய்ப்பு வந்திருக்கிறது. மொத்தம் 37 நிமிடம், படத்தில் வந்தது சுமார் 10. தலைப்பு உருப்படிகூட ‘அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’ என்பதைத் தழுவியதே. ‘வில்லேஜ் ப்ளூஸ்’ மூன்று டேக் இருக்கிறது. ஒன்று போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘நைமா’ இரண்டையும் விடாதீர்கள்.

50 வருடம் தாண்டிய பதிவுதானே, இணையத்தில் ஏற்றிப் பகிரலாம் என்கிறார் நண்பர். சரியா?
— வாசகர், சேலம்

தவறு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். எண்ண வேண்டியது வெளியான நாளிலிருந்து, வாசித்த நாளிலிருந்து அல்ல. 1963-ல் வாசித்து 2018-ல் வந்தது 2078 முடியும் வரை உரிமையுள்ளது. அமெரிக்காவில் 2018-ல் வந்த சட்டத்தின்படி, 1957-க்கு முன் வெளியாகாத, 1972 பிப்ரவரி 15-க்கு முன் பதிந்த ஒலிப்பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு.

நண்பர் சொல்லும் 50 ஐரோப்பாவின் பழைய கணக்கு. அங்கே பின்னால் 70 ஆக்கினார்கள், ஆனால் 1962 முடிய வெளியானவை அதற்குள் கைநழுவிவிட்டன. மலிவான ஐரோப்பியத் தொகுப்புகள் பலவும் 1962-ஓடு நின்றுவிடுவதன் காரணம் இதுதான். அவற்றில் பல, மூல நாடாவைத் தொடாமல் ஏற்கெனவே வந்த தட்டிலிருந்து எடுத்தவை. எங்கிருந்து எடுத்தது என்று உறையில் சொல்லாதவற்றை வாங்காதீர்கள்.

ஆலிஸ் கோல்ட்ரேனின் பழைய கச்சேரி ஒன்று அண்மையில் வந்ததாமே? அதற்குக் கோவைத் தொடர்பு உண்டா?
— வாசகர், பொள்ளாச்சி

உண்டு. ஜானின் இரண்டாம் மனைவி, பியானோவும் ஹார்ப்பும் வாசித்த ஆலிஸ், 1971 பிப்ரவரி 21 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் வாசித்தது 2024-ல் முழுதாக வெளிவந்தது. அந்தக் கச்சேரி சுவாமி சச்சிதானந்தரின் யோக நிலையத்துக்கு நிதி திரட்ட நடந்தது. சுவாமி 1914-ல் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் பிறந்தவர். ஆலிஸ் அவரைக் குருவாகக் கொண்டார். ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ ஆல்பத்தின் பெயர் அவரைக் குறிப்பதே.

இங்கேயும் நாடாவின் கதை அதேதான். நான்கு தட மூல நாடா காணாமல் போயிற்று. கையில் கிடைத்தது தோராயமாக எடுத்து வைத்த இரண்டு தடக் கலவை. அதனால் முதல் பாதியில் ஹார்ப்பும் தம்பூராவும் நன்றாக அமைய, இரண்டாம் பாதியில் இரண்டு ட்ரம்ஸும் இரண்டு சாக்ஸபோனும் முட்டிமோதும்போது நெரிசல் ஆகிறது. இரண்டாம் பாதியில் அவர்கள் எடுப்பவை ஜானின் ‘ஆஃப்ரிகா’வும் ‘லியோ’வும். வில்லேஜ் கேட் ‘ஆஃப்ரிகா’வைக் கேட்ட அதே இரவில் இதையும் போடுங்கள். இரண்டிலும் பாஸ் இருவர். இங்கே அவர்களில் ஒருவர் ஜிம்மி கேரிசன், ஜான் இறக்கும் வரை அவருடன் வாசித்தவர்.